வாசகம் படிக்கும் மைக்

மலிவான ஒரு மைக்கைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் தபாலில் ஒரு பட்டயப் படிப்பையே முடித்திருக்கலாம்.

சேலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் கிட்டார் வாசிக்கும் நண்பன் சகாயத்துக்கு விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. இனி அதிகமாகும் என்றார் மருத்துவர். கை ஓடும்போதே அவன் வாசிப்பைப் பதிவு செய்துவிட நினைத்தோம். ஆம்ப்ளிஃபயர் முன்னால் வைக்க மைக் தேடும் பொறுப்பு என்னுடையது. ஒன்றை முடிவு செய்வேன்; மறுநாள் யாரோ அதைக் குறை சொல்லி எழுதியிருப்பதைப் படிப்பேன்; திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன்.

கடைசியில் அவன் மனைவி ஸ்டெல்லா கேட்டார்: "ஏனுங்கண்ணா, ஞாயித்துக்கெழம பூசைல பைபிள் வாசகம் படிக்கறப்ப உங்க வாய்க்கு முன்னாடி இருக்குதே, அது மைக் இல்லீங்களா?"

பங்குச் சாமியாரிடம் கேட்டு அதையே எடுத்துவந்து வைத்தோம். மைக்கில் ஒரு குறையும் இல்லை. சகாயத்தின் விரல்கள்தான் எனக்காகக் காத்திருக்கவில்லை. நான்கு முறை பாதியில் நிறுத்தி, ஐந்தாவது முறை ஒரே ஒரு பாட்டை முடித்தான்.

பதிவைப் போட்டுக் கேட்டோம். பாட்டு முழுக்க நடுக்கம் கேட்டது. ஏழு மாதத்துக்கு முன்பு அது இவ்வளவு இருந்திருக்காது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

சகாயம் கிட்டாரை உறையில் வைத்தான். "உடுப்பா. நீ தேடுன மாதிரி நல்ல மைக்கா கெடச்சிருந்தா, நடுக்கம் இன்னும் தெளிவாக் கேட்டிருக்கும்."