தம்பியின் இடக்கை

ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் நாங்கள் இருந்த கட்டடத்தின் பின்சுவரில் என் தம்பி பந்தை எறிந்து எறிந்து பழகுவான். கீழ்வீட்டுக்காரர்கள் சத்தமென்று முறையிட்டார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் வந்து ஏசிவிட்டுப் போனார். சுவர் இல்லையென்று ஆனதும் அவன் என்னிடம் வந்தான்.

"அக்கா, நீ சும்மா குந்திக்கொண்டு கையை நீட்டினாக் காணும். நான் உன்ர கைக்குத்தான் எறிவன்."

எனக்கு அப்போது இருபது வயது. காலையில் டோனட் கடையில் வேலை, பின்னேரம் கல்லூரி. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில், மின்கம்பிகள் போகும் புல்வெளியில் அவனுக்கு எதிரே குந்தியிருந்தேன். அவன் சொன்னது உண்மை. நான் மாட்டியிருந்த பேஸ்போல் கையுறையை எங்கே வைத்தேனோ அங்கேதான் பந்து வந்தது. ஆனால் அது வந்த வேகத்தை அவன் சொல்லவில்லை. உள்ளங்கை கன்றிப்போய், மறுநாள் கடையில் கோப்பிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இருந்தது. பிறகு பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் ஒன்றை வெட்டிக் கையுறைக்குள் வைத்துக்கொண்டேன்.

பேஸ்போல் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத விளையாட்டு. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர்தான் அவனைக் கண்டுபிடித்தார். அங்கிருந்த கையுறைகளெல்லாம் வலக்கையால் எறிபவர்களுக்கானவை. அவற்றை இடக்கையில்தான் போடலாம். தம்பி எறிவதோ இடக்கையால். ஆகவே பந்தைப் பிடிப்பான், கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் செருகுவான், பிறகு எறிவான். எல்லோரும் சிரித்தார்களாம். ஆசிரியரும் சிரித்துவிட்டு, இன்னொரு தடவை எறியச் சொன்னாராம். அதன்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சாப்பிடுவதையும் எழுதுவதையும் அம்மா சின்ன வயதிலேயே அவனுக்கு வலக்கைக்கு மாற்றிவிட்டிருந்தார். எறிவதையும் மாற்றவேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை.

அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் முன்னால் பழைய சாமான்கள் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே அவனுக்கேற்ற கையுறை ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் ஸ்காபரோவின் பையன்கள் அணி ஒன்றில் சேர்ந்தான். அந்த அணியில் தமிழன் அவன் ஒருவன்தான். எறிவதற்கு முன்னால் ஒரு கணம் தலையைக் குனிந்து நிற்பான். கும்பிடுகிறான் என்று மற்றப் பையன்கள் நினைத்தார்கள். "இல்லையக்கா, சப்பாத்து லேஸ் அவிழ்ந்திட்டுதோ எண்டு பாக்கிறனான்" என்று என்னிடம் சொன்னான்.

தம்பியின் பதினைந்தாவது வயதுக் கோடையில் ஒரு மனிதர் வந்தார். வேலிக்குப் பின்னால் மடக்குக் கதிரையில், வெளிறிய நீலத் தொப்பியோடு இருந்தார். அன்றைக்குத்தான் அம்மாவும் முதன்முதலாக விளையாட்டுப் பார்க்க வந்திருந்தார். தம்பி எறியப்போகும் நேரம் அந்த மனிதர் மடியிலிருந்து துப்பாக்கி போல ஒன்றை எடுத்து அவனை நோக்கி நீட்டினார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பிள்ளை, உந்த மனிசன் என்ன செய்யுது? ஐயோ, தம்பியைக் கூப்பிடு!"

நான் ஓடிப்போய் அவரிடம் அது என்னவென்று கேட்டேன். பந்தின் வேகத்தை அளக்கும் கருவியாம். அவர் அதை என் கையில் தந்து, அம்மாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் தொப்பிக்காரர்.

அவர் ஒரு ஸ்கவுட். அமெரிக்க அணி ஒன்றுக்காக ஒன்ராறியோ முழுவதும் கார் ஓட்டித் திரிந்து, நன்றாக வரக்கூடிய பையன்களைத் தேடிப் பிடிப்பது அவருடைய வேலை. அறுபது வயதுக்கு மேலிருக்கும். மெல்லப் பேசுவார். "உன் தம்பியின் வேகம் இப்போது பெரிதில்லை" என்று அன்று என்னிடம் சொன்னார். "ஆனால் கை சுற்றி வருவதைப் பார். எண்ணெய் போட்டது மாதிரி வருகிறது. இடக்கைக்காரர்கள் மெதுவாகத்தான் முதிர்வார்கள். எனக்கு அவசரமில்லை."

அவர் அந்தக் கோடை முழுவதும் வந்தார். இலையுதிர் காலத்தில், எங்கள் நகரத்துப் பேஸ்போல் அணி இரண்டாவது முறையும் பட்டத்தை வென்று ஊரே கார் ஹோர்ன் அடித்துக் கூத்தாடிய நாட்களில், வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பாவைப் பார்க்கவேண்டுமென்று முன்பே சொல்லியிருந்தார். அப்பா தொழிற்சாலை உடுப்பை மாற்றி, வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு காத்திருந்தார். இவ்வளவு தூரம் வந்தவர் மகனைப் பற்றி ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தார். ஆனால் வந்தவர் அப்பாவை எழுந்து நிற்க முடியுமா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அப்பா எழுந்தார். தொப்பிக்காரர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு கைகளைக் காட்டச் சொன்னார்.

"ஏனாம் என்ர கையைப் பாக்கிறார்? சாத்திரமோ?" அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"தகப்பன்ர உடம்பைப் பாத்தா மகன் எவ்வளவுக்கு வளருவானெண்டு தெரியுமாம்."

அப்பா உடனே நிமிர்ந்து நின்றார். அவர் உயரமான மனிதர். இங்கே வந்த பிறகு கூனிப்போயிருந்தார் என்பதை அவர் நிமிர்ந்தபோதுதான் கண்டேன். விரல்களை அகல விரித்துக் காட்டினார். தொப்பிக்காரர் தன் கையை அதன்மேல் வைத்து அளந்துபார்த்து, "இந்தப் பையன் இன்னும் வளர்ந்து முடியவில்லை" என்றார். அம்மா கொடுத்த உழுந்துவடைகளை ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். தம்பி பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பதாகவும், படிப்பை விடவேண்டாமென்று அவனுக்குச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். அந்தக் கடைசி வசனத்தை அம்மா என்னை இரண்டு தரம் சொல்லவைத்தார்.

அந்தக் குளிர்காலம்தான் எங்கள் வீட்டில் மிகச் சந்தோஷமானது என்று இப்போது நினைக்கிறேன். அப்பா வேலையிடத்தில் எல்லோருக்கும் தன் கையைக் காட்டிக்கொண்டு திரிந்தார். தம்பி பள்ளிக்கூடத்து ஜிம்மில் எறிந்து பழகினான். அவனுடைய குரல் உடைந்தது. என்னைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டான்.

பனி கரைந்து, புல்வெளி இன்னும் சதசதவென்று இருந்த நாட்களில் நாங்கள் மறுபடி வெளியே போனோம். பந்து கையில் விழும்போது முன்பிருந்த அடி இல்லை. ஸ்பொஞ்ச் இல்லாமலே பிடிக்கலாம் போலிருந்தது.

"என்னடா, மெல்லமா எறியிறாய்?"

"குளிரக்கா. இட்ஸ் ஒன்லி ஏப்ரல்."

மே மாதத்து முதல் விளையாட்டுக்குத் தொப்பிக்காரர் வந்தார். வழக்கம்போல் கருவியை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் அதை மடியில் வைத்துவிட்டார். பிறகு அதை எடுக்கவேயில்லை. நான் தூர இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இவன்மேல் இருந்த விருப்பம் போய்விட்டது என்று நினைத்தேன். விளையாட்டு முடிய முன்னரே அவர் என்னிடம் வந்தார்.

"அவன் தோள் வலிக்கிறதென்று ஏதாவது சொன்னானா?"

இல்லையென்றேன்.

அவர் தன் கையைக் காதுக்கு மேலே தூக்கினார். "போன வருடம் பந்து இங்கேயிருந்து வந்தது." கையைத் தோளுக்குக் கீழே இறக்கினார். "இன்றைக்கு இங்கேயிருந்து வருகிறது. அவன் எதையோ ஒளிக்கிறான். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நான் இன்றைக்கு அணிக்காக இதைச் சொல்லவில்லை."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது தம்பியிடம் கேட்டேன். முதலில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பந்தெறியிற பிச்சர் எல்லாருக்கும் நோகுமக்கா. தே ஓல் சே தட்."

"எறியேக்க மட்டுமோ நோகுது?"

அவன் இடத்தோளை மெல்லத் தடவினான். பிறகு, "அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கேலாமக் கிடக்கு" என்றான். "அப்பாட்டைச் சொல்லாதை."

அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது எங்கள் குடும்ப டொக்டர் அன்றே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அடுத்த நாளே கூப்பிட்டார்கள். அந்த வாரமே நகரத்துக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிறகு ஸ்கான், தோளிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதனை. எல்லாம் முடிந்து ஒருநாள் எங்கள் நான்கு பேரையும் சின்ன அறையொன்றில் இருத்தினார்கள். பெண் டொக்டர். என் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். அவர் ஒரு வசனம் சொல்வார். நான் அதைத் தமிழில் சொல்லவேண்டும். அதுவரை வங்கியிலும் வேலையிடத்திலும் பள்ளிக்கூடத்திலும் நான்தான் வீட்டுக்கு மொழிபெயர்த்தவள். எனக்குத் தெரியாத சொல்லென்று ஒன்றும் இருந்ததில்லை. அன்றைக்கும் சொல் தெரிந்துதான் இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. அம்மா என் முழங்காலைத் தட்டினார்.

"சொல்லன் பிள்ளை. என்னவாம்?"

"எலும்பில புற்றுநோயாம் அம்மா."

அம்மா என்னை ஏதோ தப்பாகச் சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்பா, எக்ஸ்ரே படம் கண்முன்னே வெளிச்சத்தில் மாட்டியிருந்தும், "எந்தக் கையிலயாம்?" என்று கேட்டார்.

அதற்குள் தம்பி டொக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டான், தன்னால் திரும்ப எறிய முடியுமா என்று. டொக்டர் கதிரையை அவன் பக்கம் இழுத்துப்போட்டு, கையை வெட்டாமல் காப்பாற்றத் தங்களால் முடிந்ததையெல்லாம் செய்வோம் என்றார். அவனுக்கு விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன கேட்டவன்?" என்றார் அப்பா.

"எப்ப பள்ளிக்கூடம் போகலாமெண்டு கேட்டவன்."

அந்தக் கோடை முழுவதும் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண். அம்மா கொண்டுபோன சோற்றின் மணமே அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரீவியில் பேஸ்போல் பார்ப்பது மட்டும்தான் அவனுக்கு மிச்சமிருந்தது. ஓகஸ்டில் அதுவும் நின்றது. பெரிய அணிகளின் விளையாட்டு வீரர்கள் எல்லோரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலில் சில நாட்களில் முடிந்துவிடும் என்றார்கள். பிறகு அந்த வருடத்து விளையாட்டே இல்லையென்றார்கள். அவனுக்குக் கோபம் வந்தது. நோய் வந்த நாளிலிருந்து அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"அவங்களுக்கு எறியக் கை இருக்கக்கா. கை இருந்தும் எறிய மாட்டாங்களாம்."

தொப்பிக்காரர் அடிக்கடி வருவார். ரீவி நின்றபிறகு வந்தவர், தொப்பியை ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பியில் மாட்டிவிட்டு, தான் முன்பு பார்த்த ஒரு விளையாட்டைச் சொல்லத் தொடங்கினார். எங்கோ அமெரிக்காவின் சின்ன ஊர் மைதானம், மழை வரப்போகும் வானம், பத்தொன்பது வயது இடக்கைக்காரன் ஒருவன். ஒவ்வொரு பந்தாகச் சொன்னார். தம்பி கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். "அதற்குப் பிறகு என்ன எறிந்தான்?" என்பான். அவர் சொல்வார். "நான் என்றால் அதை எறிந்திருக்கமாட்டேன்" என்பான் இவன். "நீ என்ன எறிந்திருப்பாய்?" என்று அவர் உண்மையாகவே கேட்பார். இப்படியே ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு விளையாட்டு. அப்பா வேலை முடிந்து வந்து மூலையில் இருந்து, ஒரு சொல்லும் விளங்காமல் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். பஸ்ஸில் போகும்போது என்னிடம் கேட்பார்.

"இண்டைக்கு ஆர் வெண்டதாம்?"

எலும்பை வெட்டி எடுத்துவிட்டு உலோகம் வைத்தார்கள். கை மிஞ்சியது. ஆனால் தோளுக்கு மேலே அது எழும்பவில்லை. கார்த்திகை மாதத்தில் இருமல் தொடங்கியது. நோய் நெஞ்சுக்குள் போய்விட்டது என்று அதே டொக்டர் அதே அறையில் சொன்னார். அந்தமுறை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அம்மாவுக்கு அவர் முகத்திலேயே விளங்கிவிட்டது.

மாசி மாதத்தில், வெளியே வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் தம்பி இறந்துபோனான். அம்மா அவனுடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் காலடியில் இருந்தேன். அப்பா கீழே கோப்பி வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தவர் கோப்பைகளைக் கீழே வைக்க இடம் தெரியாமல், இரண்டு கையிலும் பிடித்தபடி அப்படியே நின்றார். நான்தான் வாங்கி வைத்தேன்.

செத்தவீட்டுக்குத் தொப்பிக்காரர் கறுப்புக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். தலையில் தொப்பி இல்லாததால் அம்மாவுக்கு ஆளைத் தெரியவில்லை. அப்பா தெரிந்துகொண்டார். சனங்களை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இவரிட்டை ஒண்டு கேள் பிள்ளை. தம்பி பெரிய ஆளா வந்திருப்பானோ எண்டு கேள். பொய் சொல்ல வேண்டாமெண்டும் சொல்லு."

நான் கேட்டேன். தொப்பிக்காரர் அப்பாவின் கையை விடவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றார். "இந்த வேலையில் நான் நினைத்ததில் அனேகம் பிழைத்திருக்கிறது. ஆனால் அவன் என்ன ஆகிறான் என்று பார்க்க ஆசைப்பட்ட அளவுக்கு நான் வேறு எவனைப் பற்றியும் ஆசைப்பட்டதில்லை. இதை அப்படியே சொல்."

அப்படியே சொன்னேன். அப்பா தலையாட்டினார். "ஓம், அது உண்மைக் கதை" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்து அழுதார். அவரைவிட அப்பா உயரம். குனிந்துதான் அழவேண்டியிருந்தது.

அந்த வசந்தத்தில் வேலைநிறுத்தம் முடிந்து விளையாட்டுத் திரும்பத் தொடங்கியது. ஒருநாள் வேலையால் வந்தபோது வீட்டில் ரீவி போய்க்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டு, அப்பா தனியே பேஸ்போல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அவர் திரையைக் காட்டிக் கேட்டார்:

"உவன் ஏன் பிள்ளை இப்ப ஓடுறான்? எனக்கு உது ஒண்டும் விளங்கேல்லை. முதலில இருந்து சொல்லித் தா."