அவன் வாயால் கேட்கவேண்டியது

அப்பா போனபிறகு எங்களைத் தாங்கியது கடலூரில் இருந்த மாமாதான். சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம், மாமா வீட்டில் ஒரு காதுகுத்து. சாப்பாட்டுக் கூட்டம் கீழே இருந்தபோது, மாமாவின் மகன் மாடி அறையில் என்னை உள்ளே வைத்துக் கதவைத் தாழ் போட்டான். முறைப்பையன். சின்ன வயதிலிருந்து நான் மச்சான் என்று கூப்பிட்டவன். உள்ளே நடந்ததை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. வேண்டாம் என்று நான் சொன்னது அவனுக்கு நன்றாகவே கேட்டது. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாமாவிடம் சொன்னாள். "அவதான் மேல வான்னு கூப்ட்டா" என்று அவன் மாமாவிடமும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவிட்டான்.

"எப்படியும் கட்டிக்கப்போற புள்ளைங்கதானே. தை மாசமே முடிச்சிடலாம்" என்றார் மாமா. அம்மா அவருக்குக் காபி போட எழுந்துபோனாள்.

நான் மாட்டேன் என்றேன். சொந்தத்தில் பாதிப் பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

லேபில் கூட வேலை செய்த அக்கா ஒருத்தி என்னை ஒரு பெண் வக்கீலிடம் அழைத்துப்போனாள். வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கேஸ் போடலாம். நான் நிக்கிறேன். உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு" என்றார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அழுகை வந்துவிட்டது.

"அவன் ஜெயிலுக்குப் போறானோ இல்லையோ, தெரியல மேடம். எங்க வீட்டாளுங்க முன்னாடி அவன் வாயால உண்மையைச் சொல்லணும்."

வக்கீலுக்குத் தெரிந்த, மனநல ஆலோசனை தரும் கவுன்சிலர் ஒருவர் அதற்கு ஏற்பாடு செய்தார். புகார் கொடுக்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். போலீஸுக்குப் பயந்துதான் அவன் வந்தான் என்று நினைக்கிறேன். பல மாதம் கவுன்சிலர் அவனைத் தனியாகச் சந்தித்தார். "விளையாட்டுக்குத்தான்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தவரை என்னை அவன் எதிரில் உட்காரவைக்க அவர் சம்மதிக்கவில்லை.

கடைசியில் சிதம்பரத்தில், கவுன்சிலரின் அறையில் சந்தித்தோம். மாமா, அத்தை, அம்மா, அவன். எப்போது வேண்டுமானாலும் நான் எழுந்து போகலாம் என்று பேச்சு. நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலில் நான் பேசினேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழுந்து வெளியே வந்துவிடுவதை, ஹாஸ்டலில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கி ரூம்மேட்டிடம் திட்டு வாங்கியதை. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ வேணாம்னு சொன்னா. எனக்குக் கேட்டுச்சு" என்றான். "கட்டிக்கப்போறவதானேன்னு நெனச்சேன். அவ கூப்ட்டான்னு சொன்னது பொய். அவ கூப்புடல."

அத்தை என் கையைப் பிடித்து, "மன்னிச்சிடுறேன்னு ஒரு வார்த்த சொல்லும்மா" என்றாள். கவுன்சிலர் மெதுவாக அந்தக் கையை விலக்கினார். "அதை அவுங்ககிட்ட யாரும் கேக்கக் கூடாது."

நான் கேட்டது வேறு. பொய்யை யார் யாரிடம் சொன்னானோ அவர்களிடம் அவனே போய்த் திருத்திச் சொல்லவேண்டும். நான் வரும் விசேஷத்துக்கு அவன் வரக்கூடாது. கவுன்சிலரிடம் தொடர்ந்து போகவேண்டும். சரி என்றான். மேல்பட்டாம்பாக்கத்துப் பெரியம்மா வாசலில் நின்று அவன் சொன்னதை, பெரியம்மாவே எனக்கு போன் பண்ணிச் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள்.

அவனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அன்றைக்கப்புறம் யாரிடமும் நான் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சந்திப்பு முடிந்து வீடு திரும்பிய கடலூர் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. பிறகு, "அவன் சொல்லித்தான் நான் நம்பணும்னு ஆயிடுச்சு பாரு. நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்" என்றாள்.

ஆமாம் என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். என் மடியில் இருந்த பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீ சாஞ்சிக்கோ" என்றாள்.