ஆமினா மாமிக்கு நான் வெட்டாமல் கொடுத்த மோச்சி

ஆமினா மாமி மௌத்தானது, அவவுடைய உயிர் போனது, என்னால்தான். நோயால் இல்லை, வயதாலும் இல்லை. என் கையால் செய்து, என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்த ஓர் இனிப்பால்... அது என்ன செய்யக்கூடும் என்று தெரிந்துகொண்டே கொடுத்தேன்.

சொல்லிவிட்டேன்! இத்தனை காலத்தில் ஒருநாளும் இது என் வாயை விட்டு வெளியே வந்ததில்லை.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வெளியூர்க்காரர் ஒருவர் எழுதுகிறார். எங்கள் ஊர் கல்முனையில் ஒருவரிடமும் இதைச் சொல்லத் துணிவில்லை. உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. நான் கதைகாரி. நடுவே எங்காவது வழி தவறிப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்ப் பெண்கள் வெளிநாடு போகத் தொடங்கிய காலம் அது. எண்பதாம் ஆண்டுக்குக் கிட்ட. எனக்கு ஒரே மகள். கணவர் மௌத்தாகிவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு ஒரு வீடு இல்லாமல் மாப்பிள்ளை படி ஏறமாட்டார். அந்த வீட்டுக்காகக் குவைத்துக்குப் போனேன். அறபி வீடு என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், அது ஒரு யப்பான் இஞ்சினியரின் வீடு!

அந்த வீட்டு எசமானியை 'மடம்' என்றுதான் கூப்பிடுவேன். அந்த மடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சின்ன உருவம். நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. அவவுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனால் அடுப்படியில் எங்களுக்கு மொழி தேவைப்படவில்லை. அவவுக்கும் சோறு, எனக்கும் சோறு. நான் பிட்டு அவித்தால் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பா. அவ ஏதாவது செய்தால் நான் நின்று பார்ப்பேன்.

அப்படிப் பார்த்துப் படித்ததுதான் மோச்சி.

அவர்களுடைய நாட்டில் பசை மாதிரி ஒட்டும் ஓர் அரிசி இருக்கிறது. அதன் மாவைச் சீனித் தண்ணீரில் கரைத்து ஆவியில் அவிக்க வேண்டும். வெந்ததும் அடித்து அடித்துப் பிசைந்தால் பளபளவென்று வரும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சூடு ஆறுமுன் கையில் மாவைத் தூவிக்கொண்டு ஒரு துண்டு கிள்ளி, உள்ளங்கையில் தட்டி, நடுவில் இனித்த பயற்றங்களியை வைத்து மூடி உருட்ட வேண்டும். பச்சைப் பிள்ளையின் கன்னம் மாதிரி இருக்கும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழுந்து மெல்ல மெல்ல மேலே வரும்... முதல்முறை நானே உருட்டியபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மடமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

பார்த்தீர்களா! இந்த இனிப்பைப் பற்றிப் பேச வாய் திறந்தால் இன்னும் எனக்கு மனம் குளிர்கிறது. என்ன மனம் இது? ஓர் உயிரைக் கொண்டுபோன பண்டத்தை இப்படிக் கொண்டாடுகிற மனம்!

சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஒருமுறை மடத்தின் உம்மா யப்பானிலிருந்து வந்திருந்தா. வயது போனவ. நான் ஒரு தட்டில் மோச்சியை முழுதாக வைத்துக் கொண்டுபோனேன். மடம் ஓடிவந்து தட்டைப் பிடித்துக்கொண்டா. கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொன்றையும் சுண்டு விரல் நகமளவு துண்டுகளாக வெட்டினா. பிறகு என்னைப் பார்த்துத் தன் தொண்டையைப் பிடித்தா, கண்ணை உருட்டினா, நாக்கை வெளியே நீட்டினா. அதன்பின் என்னைக் குனியவைத்து முதுகின் நடுவில் படார் படாரென்று அடித்துக் காட்டினா.

"மாமா ஓல்ட்... ஸ்மோல், ஸ்மோல்" என்று தன் தாயைக் காட்டி விரலை ஆட்டினா.

எனக்கு விளங்கியது. நூற்றுக்கு நூறு விளங்கியது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் நடந்ததென்று நீங்கள் எனக்காகச் சாட்டுச் சொல்லிவிடக் கூடாது.

இரண்டு வருடம் முடிந்து வரும்போது, மடம் அந்த மாவில் இரண்டு பைக்கற்றுகளை என் பெட்டிக்குள் வைத்துவிட்டா.

ஊருக்கு வந்தால்... வெளிநாடு போய்வந்த பெண்ணை எங்கள் ஊர் எப்படிப் பார்த்ததென்று உங்களுக்குத் தெரியாது. முன்னால் சிரிக்கும், பின்னால் குசுகுசுக்கும். ஆமினா மாமிக்கு மட்டும் பின்னால் பேசுகிற பழக்கமே இல்லை. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு அவவுடையது. எழுபது வயது, வாயில் ஒரு பல் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு! வந்த மறுநாளே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டா:

"என்னகா, ரெண்டு வருசமா அறபிட கக்கூசுதான் கழுவின எண்டு ஊரெல்லாம் கதைக்கிது. வேற என்னத்தப் படிச்சிட்டு வந்த?"

"அறபி இல்ல மாமி. யப்பான்காரன்ட வீடு."

"யப்பான்காரனுக்கும் கக்கூசு இரிக்கிந்தானேகா!"

அவவுடைய ஒரே பிள்ளை, மகள் றாவியா, உள்ளே இருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். வெளியேதான் சிரித்தேன். உள்ளே அது முள்ளாக ஏறி இருந்துவிட்டது. இவவுக்கு ஒருநாள் காட்டுகிறேன், நான் என்ன படித்துவந்தேன் என்று இவவே ஊருக்குச் சொல்ல வைக்கிறேன் என்று அன்றே நினைத்தேன்.

நோன்பு வந்தது. எங்கள் ஊரில் நோன்பு துறக்கும் நேரத்துக்கு முன்னர் அயல்வீடுகளுக்குத் தட்டு அனுப்புவது வழக்கம். கஞ்சி, வடை, கடலை, எது செய்தாலும் ஒரு பங்கு வேலியைத் தாண்டும். எந்த வீட்டுத் தட்டில் என்ன வந்தது என்று மறுநாள் கதைப்பதே பெண்களுக்கு ஒரு வேலை. நான் அந்த நாளுக்காகக் காத்திருந்தேன்.

முதலில் ஊர்ப் பச்சையரிசி மாவில் செய்து பார்த்தேன், மடத்தின் மாவை வீணாக்கக் கூடாதென்று. அது பிட்டு மாதிரி உதிர்ந்து போயிற்று. பிறகு ஒரு பைக்கற்றைத் திறந்து, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில் துணி விரித்து அவித்து, உரலில் போட்டு இடித்தேன். உலக்கை மேலே வரமாட்டேன் என்றது! மகள் உரலைப் பிடிக்க, நான் உலக்கையை இழுக்க, நோன்பு வாயோடு இருவரும் சிரித்துக் களைத்துப் போனோம். உள்ளே வைக்கக் கௌப்பிப் பயற்றை அவித்து அரைத்துச் சீனி போட்டுக் கிண்டினேன். பன்னிரண்டு மோச்சி. ஒன்றுகூடப் பிசகாத உருண்டை.

ஆமினா மாமியின் தட்டில் நான்கு வைத்தேன்.

அப்போது கத்தியை எடுத்தேன். எடுத்தேன், உங்களிடம் பொய் சொல்லவில்லை! ஒன்றை வெட்டியும் பார்த்தேன். உள்ளே இருந்த கௌப்பிக்களி பிதுங்கி, வெள்ளைத் தோல் கத்தியோடு இழுபட்டு, பூனை நக்கிவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது. இதைக் கொண்டுபோனால் மாமி என்ன சொல்லுவா? "இதயாகா ரெண்டு வருசமாப் படிச்ச?" என்று கேட்பா.

வெட்டியதை நானே எடுத்து ஒதுக்கி வைத்தேன். அதன் இடத்தில் முழுதாக ஒன்றை வைத்தேன். கத்தியைக் கழுவி வைத்தேன்.

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "மாமி, பிச்சுப் பிச்சுத் திண்ணுங்க" என்று ஒரே ஒரு சொல்! சொன்னால், பல் இல்லாதவவுக்கு ஏற்ற பண்டமா கொண்டு வந்தாய் என்று அதற்கும் ஒரு பகிடி வரும் என்று பயந்தேன். ஒரு பகிடிக்குப் பயந்தேன்... அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

ஆண்களெல்லாம் நோன்பு துறக்கப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். மாமியின் வீட்டில் அவவும் றாவியாவும் மட்டும். தட்டை வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்க வேண்டும். நான் நின்றேன். அவ வாயிலிருந்து பாராட்டு வருவதைக் கேட்க நின்றேன்.

மாமி ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தா. "அல்லாவே, இதென்னகா பஞ்சு மாதிரி! றாவியா, வந்து பாரு புள்ள, யப்பான்காரன்ட கொழுக்கட்ட!" என்றா. பள்ளியில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர். பிறகு அந்த வெள்ளை உருண்டையை அப்படியே வாய்க்குள் போட்டா. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வாய்...

கண் விரிந்தது. கை தொண்டைக்குப் போனது. சத்தமே வரவில்லை.

மடம் காட்டிய அதே முகம்.

"உம்மாக்கு மயக்கம்! நோன்பு தாங்கல்ல, தண்ணி, தண்ணி!" என்று றாவியா கத்தினாள். தாயை மல்லாக்கப் படுக்க வைத்தாள். தலையைத் தூக்கி வாயில் தண்ணீர் ஊற்றினாள். செய்யக் கூடாததையெல்லாம் செய்தாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். குனியவைத்து முதுகில் அடிக்க வேண்டும். என் முதுகிலேயே அடித்துக் காட்டியிருந்தா மடம். "மயக்கம் இல்ல புள்ள, தொண்டையில நிக்கிது" என்று சொல்லி மாமியைக் கவிழ்த்திருக்க வேண்டும்.

நான் சொல்லவில்லை. சொன்னால் என் இனிப்புத்தான் என்று ஆகிவிடும். இப்போது சரியாகிவிடும், தானாக இறங்கிவிடும் என்று ஒரு மூச்சு பொறுத்தேன். பிறகு இன்னொரு மூச்சு. அப்படிப் பொறுத்துப் பொறுத்து... எவ்வளவு நேரம்? பள்ளியில் பாங்கு முடிந்துகூட இருக்கவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

றாவியா தாயின் மேல் விழுந்து அழுதாள். நான் தட்டில் மிஞ்சியிருந்த மூன்றையும் எடுத்து முக்காட்டுக்குள் ஒளித்தேன். அதை நான் நடுங்காமல் செய்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் மையித்தை, மாமியின் உடலை, குளிப்பாட்டப் பெண்கள் வந்தார்கள். நான் முன்னால் போய், "தலமாட்டில நான் நிக்கிறன்" என்றேன். ஏன் என்று கேட்கிறீர்களா? எங்கள் முறையில், குளிப்பாட்டும்போது விரலில் துணியைச் சுற்றி மையித்தின் வாயைத் துடைப்பார்கள். வேறு ஒருத்தியின் விரல் அந்த வாய்க்குள் போனால் என்ன அகப்படும் என்று எனக்குத் தெரியும்.

அகப்பட்டது. அண்ணத்தில் ஒட்டியபடி, மாவும் களியும். துணியோடு மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டேன். ஒருவரும் காணவில்லை.

"பெத்த புள்ளகூட இப்பிடிச் செய்யாது" என்று பெண்கள் சொன்னார்கள். றாவியா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு: "குடுத்து வெச்சவ. நோன்போட, பாங்குச் சத்தத்தோட போயிட்டா!" றமழானில் சொர்க்கத்தின் கதவு திறந்திருக்கும் என்று சொல்லிச் சொல்லி றாவியாவைத் தேற்றினார்கள். அவளும் தேறினாள். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடந்தாள்.

இரண்டாவது பைக்கற்றைக் கிணற்றடியில் புதைத்தேன். மோச்சி கேட்டவர்களிடம் மா முடிந்துவிட்டது என்றேன்.

பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்தேன். எத்தனை தொழுகை, எத்தனை அழுகை! ஒருநாள் பெண்களுக்கான பயானில், மார்க்கப் பேச்சில், மௌலவி ஒருவர் சொன்னார்: தனக்குச் செய்த பிழையை அல்லாஹ் மன்னிப்பான், மனிசருக்குச் செய்த பிழையை அந்த மனிசரிடம்தான் கேட்க வேண்டும் என்று. மனிசர் மண்ணுக்குள் போய்விட்டால்? பிள்ளைகளிடமாவது கேட்க வேண்டும் என்றார்.

அப்படியானால் றாவியா. எனக்கு இருந்த ஒரே வாசல் அவள்தான்.

எத்தனை தடவை வேலி வரை போயிருப்பேன்? ஒவ்வொரு நோன்புக்கும் தாயின் பெயரால் கத்தம் ஓதி, முதல் தட்டை எனக்குத்தான் அனுப்புவாள். அந்தச் சோற்றையும் நான் தின்றேன். வருடங்கள் போயின. றாவியாவுக்கு நெஞ்சு நோய் வந்தது. இனியும் பொறுத்தால் வாசல் மூடிவிடும் என்று ஒருநாள் பின்னேரம் எழுந்து போனேன். அன்றைக்கு உண்மையாகவே சொல்லிவிட நினைத்துத்தான் போனேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"ராத்தா, நீங்களே வந்திட்டீங்க. நான் ஆள் அனுப்ப நினைச்சிட்டிரிந்தன்."

"உன்னோட ஒண்டு கதைக்கணும் புள்ள. உம்மாட விசயம்."

"நானும் அதத்தான் ராத்தா கதைக்க இரிந்தன். நான் மௌத்தானா வேற ஆரையும் கிட்ட உடாதீங்க. தலமாட்டில நீங்கதான் நிக்கணும். உம்மாவக் குளிப்பாட்டின கை."

"அப்பிடிச் சொல்லாத புள்ள. அண்டைக்கு நான்..."

"அண்டைக்கு நீங்க இல்லாட்டி எனக்கு ஆரு இரிந்த? நோன்பாளியா, சுத்தமா உம்மாவ அனுப்பி வெச்சீங்க. அத நினைச்சாத்தான் எனக்கு நித்திர வரும். ஓம் எண்டு சொல்லுங்க ராத்தா."

நான் என்ன செய்திருக்க வேண்டும், சொல்லுங்கள். அவளுடைய அந்த நித்திரையையும் பறித்திருக்க வேண்டுமா? இல்லை, இதுவும் நான் கண்டுபிடித்த இன்னொரு சாட்டா? ஆறுதல் அவளுக்காகவா, எனக்காகவா? நானே பிரித்தறிய முடியாமல் நிற்கிறேன்.

"ஓம்" என்றேன்.

அடுத்த நோன்புக்கு முன்னர் றாவியா போய்விட்டாள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. மன்னிக்க இனி ஒருவரும் இல்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். தலைமாட்டில் நான்தான் நின்றேன். விரலில் துணி சுற்றி வாயைத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. மறுபடியும் துடைத்தேன். மறுபடியும்...

"போதும் மாமி, சுத்தமாத்தான் இரிக்கி" என்று பக்கத்தில் நின்ற இளம்பெண் என் கையைப் பிடித்தாள்.