அப்துல்லாவின் பெயரும் ஒரு குப்பைத்தொட்டியும்

1. மேசைக்கு அடியில்

அப்துல்லா டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். நான்கு வயது. கூப்பிட்டால் வரவில்லை. அழவும் இல்லை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஓர் இஸ்லாமியப் பாலர் பள்ளி அது. மலாய் மொழியை அரபு எழுத்துகளால் எழுதும் ஜாவியை அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு ஆப் செய்தது எங்கள் சின்ன கம்பெனி. புரோகிராமிங் என் வேலை. முதல் டெமோவுக்குத் துள்ளிக்கொண்டு போயிருந்தேன்.

பிள்ளை தன் பெயரை விரலால் எழுத வேண்டும். பிழை வந்தால் ஒரு குப்பைத்தொட்டி வாயைத் திறக்கும். எழுதியதை அதற்குள் இழுத்துப் போட்டால் ஏப்பம் விடும். எங்கள் முதலாளி குகன் அண்ணையின் யோசனை. அலுவலகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வகுப்பு ஆசிரியை நூரியா மிஸ் சிரிக்கவில்லை. அவர் கொழும்பு மலாய்க்காரர். என்னிடம் தமிழில்தான் பேசுவார்.

“அவன்ட பேருக்குள்ள அல்லாஹ்ட பேர் ஈக்குது, தங்கச்சி. அதக் குப்பையில போடச் சொன்னா எப்பிடிப் போடுவான்?”

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஆப் அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் ஜாவி வகுப்பையே நிறுத்தி, அந்த நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுப்பதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்று வாதாடி வாங்கியவர் மிஸ்.

2. சிங்க்குக்குக் கீழே

குகன் அண்ணைக்கு போன் பண்ணினேன்.

“தொட்டியைத் தூக்கிவிடு. முடிஞ்சுது.”

“தூக்கினா பிழையான எழுத்து எங்க போறது, அண்ணை?”

“உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி. சனிக்கிழமைக்குள்ள ஏலுமோ ஏலாதோ, அதைச் சொல்லு.”

“ஏலும்,” என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

போனை வைத்துவிட்டு மிஸ்ஸிடம் போனேன். “பேப்பரில பிழையா எழுதினா என்ன செய்வீங்கள், மிஸ்?”

வகுப்பறைச் சிங்க்குக்குக் கீழிருந்து நீல பிளாஸ்டிக் பேசின் ஒன்றை இழுத்தார். தண்ணீருக்குள் தாள்கள் ஊறிக் கிடந்தன.

“மை கரைஞ்ச பொறகு தண்ணியச் செடிக்கு ஊத்துவம். புள்ளைகளே கொணந்து போடும்.”

வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்தேன்.

3. சனிக்கிழமை

ஆப்பின் புதிய பதிப்பில் தொட்டி இல்லை. பிழையான பெயர் தண்ணீரில் கரையும், அந்தத் தண்ணீரில் ஒரு செடி இலை விடும். ஆனால் கூட்டம் நடந்த வகுப்பறையில் வைஃபை பாதியில் படுத்துவிட்டது. ஒரு டேப்லெட் மட்டும் அப்டேட் ஆகவில்லை. அதை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்தேன்.

அப்துல்லாவின் அப்பா நேராக அதைத்தான் எடுத்தார். திரையே கூடாது என்று ஆரம்பம் முதல் சொல்லிவந்தவர். “எல்லாம் விளையாட்டுச் சாமான்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மகனிடம் நீட்டினார். “எழுது, பார்ப்போம்.”

பறித்தால் சந்தேகம் வரும். விட்டால் தொட்டி வரும். மிஸ் என்னைப் பார்த்தார்.

அவன் எழுதினான். இரண்டாம் எழுத்தின் கீழே புள்ளியை விட்டுவிட்டான். தொட்டி வாயைத் திறந்தது. அப்பாவின் முகம் மாறியது.

அப்துல்லா தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து, டேப்லெட்டோடு சிங்க்கை நோக்கி நடந்தான். பேசினை இழுத்தான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஓடினேன். அவன் அப்பா எனக்கு முந்தி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வைத்து டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன செய்கிறாய்?”

“பிழையாப் போச்சு. தண்ணியில போடணும்.”

அவர் பேசினுக்குள் ஊறிய தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதை யார் சொல்லித்தந்தது?”

“ஜாவி கிளாஸ்ல.”

கூட்டத்தில் முதலில் கை தூக்கியவர் அவர்தான். வகுப்பு இருக்கட்டும், தொட்டி மட்டும் வேண்டாம் என்றார். வேறொரு டேப்லெட்டில் செடியைக் காட்டினேன். மகனுக்கு முன்னால் தானே ஒரு பிழை எழுதிப் பார்த்தார்.

இப்போது எந்தப் பள்ளிக்குப் போனாலும் பாடத்திட்டத்தைக் கேட்பதற்கு முன், பிழையாக எழுதிய தாள் அங்கே எங்கே போகிறது என்று பார்க்கிறேன். டேப்லெட்டுகளுக்கு வாட்டர்ப்ரூஃப் உறையும் போடுகிறோம்.