கிளிக் செய்தால் பெரியம்மா

மலேசியாவில், குளுவாங்கில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. ஆய்வேடுகளுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் இணையத்தில் நிரந்தர எண் வாங்கிக் கொடுப்பேன். கோப்பு எந்த சர்வருக்குக் குடிபோனாலும் அந்த எண் நம்மைச் சரியாக அங்கே கொண்டுபோய் விடும். வீடு மாறினாலும் நம் அடையாள அட்டையின் ஐசி எண் மாறுவதில்லையே, அந்த மாதிரி. பக்கத்து ஊரான பாலோவில் இருக்கும் என் நாத்தனாருக்கு இதை விளக்கினேன். "இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கிறாங்க?" என்றாள்.

உகாண்டாவிலிருந்து வந்த ஒரு மாணவி, பிரசவமான பெண்களுக்குத் தன் ஊர் மருத்துவச்சிகள் கொடுக்கும் பச்சிலை மருந்துகளைப் பற்றி ஆய்வு செய்திருந்தாள். அவர்கள் சொன்னதை ஆங்கில விளக்கத்தோடு ஒரு மணி நேரத்துக்குப் பதிவும் செய்திருந்தாள். அந்தப் பெண்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கேட்க விரும்புகிறவர் முதலில் எங்களிடம் வாய்விட்டு அனுமதி கேட்கட்டும். முன்பு யாரோ வந்து இலைகளின் பெயரை வாங்கிக்கொண்டு போய், ஒரு வார்த்தை சொல்லாமல் புத்தகத்தில் போட்டுவிட்டார்களாம். அதனால் பதிவுக்கு வாங்கிய நிரந்தர எண்ணை ஒரு இணையப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். அதில் தலைப்பு, ஊர், கீழே அந்த மருத்துவச்சிகளில் ஒருவரான மாணவியின் பெரியம்மாவுடைய போன் நம்பர். பதிவு பூட்டித்தான் இருந்தது. நான்கூடக் கேட்டதில்லை.

ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை.

"என்னம்மா இது? கிளிக் பண்ணா ஃபைல் வரணும். இங்க ஒரு பெரியம்மா வர்றாங்க! அறிவு எல்லாருக்கும் பொதுதாம்மா. திறந்து வைங்க, அப்பதான் சைன் பண்ணுவேன்."

மாணவியின் விசா முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. கையெழுத்து இல்லையென்றால் பட்டமில்லாமல் விமானம் ஏற வேண்டும். "திறந்துட்டா ஊர்ல நான் யார் மூஞ்சிலயும் முழிக்க முடியாது, அக்கா" என்று ஆங்கிலத்தில் அழுதாள். 'அக்கா' மட்டும் தமிழ்.

வந்ததே எனக்குக் கோபம்! அவளை இழுத்துக்கொண்டு அவர் அறைக்கே போனேன். "டாக்டர், ஒரு போன் போட்டுக் கேட்டா கௌரவம் குறைஞ்சிடுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டே நிமிஷத்துல அனுமதி வாங்கிடுறேன், பாருங்க" என்று பேராசிரியர் அந்த நம்பரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

பெரியம்மா விட்டால்தானே! சாப்பிட்டியா மகனே, அம்மா இருக்காங்களா, எத்தனை பிள்ளை, ஏன் ரெண்டோட நிறுத்திட்ட? எல்லாம் ஆங்கிலத்தில். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட இத்தனை விசாரணை இருக்காது. குடும்பத்துக்கு என்ன தொழில் என்று கேட்டார். காஹாங்கில் மூன்று தலைமுறையாகச் சாப்பாட்டுக் கடை, எங்கள் மீன் தலைக் கறிக்குச் சிங்கப்பூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருவார்கள் என்று பேராசிரியர் பெருமையடித்தார்.

"அப்படியா? நான் இலையைச் சொல்றேன். அந்தக் கறிக்கு என்னென்ன மசாலான்னு நீ சொல்லு."

அலமாக்! பேராசிரியர் ஸ்பீக்கரை அணைக்கப் போய், பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

"எப்படிம்மா சொல்றது?" என்று என்னிடம் தமிழில் கிசுகிசுத்தார். "என் சம்சாரத்துக்கே தெரியாது. எனக்கே வாப்பா போன வருஷந்தான் சொன்னாங்க."

ஊருக்குத்தான் உபதேசமா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்கியதில் தோள் மட்டும் குலுங்கியது.

"மன்னிக்கணும், அது குடும்பத்து விஷயம். சொல்ல முடியாது" என்றார் அவர் போனில், சின்னக் குரலில்.

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "நல்லது மகனே. சொல்லியிருந்தா உனக்குக் குடுத்திருக்க மாட்டேன். இப்ப கேளு."

பதிவின் பூட்டைத் திறந்து கொடுத்தேன். பேராசிரியர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் கேட்டார். அவர் மேசையில் இருந்த தே தாரே தேநீர் ஆறி ஆடை கட்டியது. பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மாணவி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"பெரியம்மா நம்பர் போட்ட பக்கம் அப்படியே இருக்கட்டும்மா" என்றார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அதுல என்ன டாக்டர் சொன்னாங்க?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நம்பர் இருக்குல்ல? கூப்பிட்டுக் கேளுங்க லா."