என் ஆய்வை அண்ணன் சொன்ன காலை

நெம்மேலிக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு வாடகை வீட்டின் கூடத்தில், மணல் ஒட்டிய காலோடு எழுந்து நின்று, நாங்கள் அண்ணன் என்றழைத்த நண்பர் என் ஆய்வைப் பற்றிப் பேசத் தொடங்கிய காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. என் மகள் அப்போது கைக்குழந்தை. எந்த நேரமும் அழக்கூடும் என்பதால் அவளை மடியில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மொழியியலில் ஆய்வைத் தொடங்கியிருந்த நாங்கள் சிலர் ஆண்டுக்கொருமுறை இப்படிக் கூடுவோம். பேராசிரியர்கள் வரமாட்டார்கள், மேடை இல்லை, சமையலும் நாங்களே. ஒரே ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் வேலையைத் தானே சொல்லக்கூடாது. முதல் நாள் மாலை இருவர் இருவராகக் கடலோரம் நடந்து ஒருவர் வேலையை மற்றவர் கேட்டுக்கொள்ள வேண்டும். மறுநாள் எல்லார் முன்பும் அதை அவர் சொல்வார். அந்த ஆண்டு எனக்கு வாய்த்தவர் மதுராந்தகத்துக்காரர், நெல் விவசாயம் செய்யும் வீட்டுப் பிள்ளை. எங்களைவிடச் சற்று மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அண்ணன். கட்டுரை வாசிக்கும்போது அச்சுத் தமிழ் பேசுவார். முடித்து உட்கார்ந்ததும் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

உண்மையில் நான் விடைபெறத்தான் போயிருந்தேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "பச்சப்புள்ளைக்குக் கடல்காத்து ஒத்துக்குமா?" என்று மட்டும் மாமியார் கேட்டார். அந்த ஒரு கேள்வி எனக்குள் பத்தாகப் பெருகியது. பிள்ளை அழும்போது ஒலிப்பதிவு கேட்டுக்கொண்டிருப்பவள் என்ன தாய்? எழுதும் நேரமெல்லாம் பிள்ளையின் மூச்சையே கவனித்துக்கொண்டிருந்தால் அது என்ன ஆய்வு? திரும்பியதும் நிறுத்திக்கொள்கிறேன் என்று நெறியாளரிடம் சொல்லிவிட முடிவு செய்திருந்தேன்.

நடக்கத் தொடங்கியதுமே மகள் வீறிட்டாள். "குடு இப்டி. நீ சொல்லு, நான் கேட்டுகினு வரேன்" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து தொழிற்சாலைகளுக்குப் போகும் ஷேர் ஆட்டோக்களில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. பாதி சொல்லும்போதே அலுப்பாகிவிட்டது. "இதோட நிறுத்திடலாம்னு இருக்கேண்ணா" என்றேன். புத்தி சொல்வார் என்று நினைத்தேன். "செரி. ஆனா நாளைக்கி நான்தான உன்துது சொல்லணும், மீதியச் சொல்லு" என்றார்.

மறுநாள் காலை அவர் சொன்னார்: "மொதல்ல சார், மேடம்னு ஆரம்பிக்கிறாங்க. போகப் போக பழகிட்டு அண்ணா, அக்கான்னு ஆயிடுது. இதான் இந்தம்மா கண்டுபுடிச்சது."

"இல்லண்ணா, தலைகீழா சொல்றீங்க" என்றேன். அவ்வளவு உரக்கச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"நேத்து இதான சொன்ன?"

"இல்லவே இல்ல."

கூட்டத்தை ஒழுங்கு செய்யும் தோழி சிரித்தாள். "அண்ணாத்த ஆட்டோவ ரிவர்ஸ்ல வுட்டுட்டாரு. வழக்கமெல்லாம் கெடக்கட்டும், நீயே சொல்லுமா."

மகளை அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். இடித்துக்கொண்டு இடம் கேட்கும்போதுதான் அண்ணா, அக்கா எல்லாம். எதிரில் இருப்பவரின் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைப் படித்ததும் அதே வாய் சார் என்கிறது என்றேன். கேள்விகள் வந்தன. பதில் சொல்லச் சொல்ல எனக்கே புதிதாக ஒன்றிரண்டு தோன்றின. அடுப்பில் பொங்கல் அடிப்பிடித்த வாசனை வந்தபோதுதான் நிறுத்தினேன். மகள் அவர் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

நெறியாளரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகத்தான் என்றாலும், எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. என்னைப் பேச வைக்கவே அவர் வேண்டுமென்று மாற்றிச் சொன்னாரோ? அப்படியானால் அன்று முதல் நான் எழுதியதெல்லாம் ஒருவரின் இரக்கத்தின் மேல் நிற்கிறதா? அவர் இப்போது கல்லூரி ஆசிரியர். அண்மையில் செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் பார்த்தபோது கேட்டேவிட்டேன்.

"வேணும்னா? உம்பொண்ணு காதாண்டயே கத்திகினு வந்தா. அலை சத்தம் வேற. பாதிதான் வுழுந்துச்சி, மீதிய நானா கட்டிவுட்டேன். அத்தினி பேர் எதிர்ல மானம் போச்சு. இத்தினி வருசம் கழிச்சி அதப்போயி கேக்குறியேமா."

முகம் உண்மையாகவே சுருங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. அவர் எனக்கு இரக்கம் காட்டவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் கூடத்தில் அதைச் சரியாகச் சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் இருக்கவில்லை.