குறை தேடிப் போன நுண்கலைத் துறை

கப்பலில் வேலை பார்க்கும் என் கணவர், மகள் சேர விரும்பிய நுண்கலைத் துறையை நேரில் பார்த்து, ஒரு குறையாவது கண்டுபிடித்து வரச் சொல்லியிருந்தார். அதைக் காட்டி அவளைப் பொறியியலில் சேர்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு ஓவியம், சிற்பம், அச்சு மூன்றையும் பழகிய பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆசிரியர்களும் மாணவர்களோடு உட்கார்ந்து வரைகிறார்கள். வெயில் நேரே விழாதபடி ஜன்னல்கள்கூட வடக்குப் பார்த்திருந்தன.

நானும் மகளும் தூத்துக்குடி திரும்பும் பேருந்தில் இருந்தபோது கணவர் போனில் அழைத்தார்.

"ஏளா, என்ன குறை கண்ட?"

"ஒண்ணும் அகப்படலியே."

"அப்போ எதையாவது சொல்லி நீயே தடுத்துரு" என்று இணைப்பைத் துண்டித்தார்.

ஜன்னலோரம் இருந்த மகள், "அப்பா என்ன சொல்லுதாவ?" என்றாள். வெளியே இருபுறமும் உப்பளம். நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் இன்னும் வரவில்லை.